இரண்டாவது முறை சுவிட்சைப் போடுவதற்கு முன்

ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியில் அலையின் சக்தியைப் பெருக்கும் கருவி லீனியர் ஆம்ப்ளிபையர். நான் பார்த்த லீனியர் ஆம்ப்ளிபையர்களில் பெரும்பாலானவை பேசிக்கொண்டிருக்கும்போது சாகவில்லை. சுவிட்சைப் போட்ட நொடியில் ஏதோ ஒரு சிறு கோளாறு தலைகாட்டியிருக்கும். அப்போதே நிறுத்தியிருந்தால் ஒரு ரெசிஸ்டரோடு போயிருக்கும். "இப்போது வருகிறதா பார்ப்போம்" என்று மறுபடி போட்டதில்தான் டயோடு வரிசை போனது, ரிலே ஒட்டிக்கொண்டது, டிரான்ஸ்பார்மர் கருகியது. அதனால் சென்னையில் ஹாம் நண்பர்கள் யாராவது லீனியர் உயிர் பெறவில்லை என்று கூப்பிட்டால் நான் முதலில் சொல்வது, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பேசுங்கள் என்பதுதான். அதற்குப் பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: கடைசியாக எது நடந்தது?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆம்ப்ளிபையர் உயிர் பெறுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. மெயின்ஸ் வடிகட்டி, பியூஸ், சுவிட்ச், அதன்பின் முதல் நொடிப் பாய்ச்சலை மட்டுப்படுத்தும் ஸ்டெப் ஸ்டார்ட் ரெசிஸ்டர். பிறகு வால்வின், அதாவது வெற்றிடக் குழாயின், இழை ஒளிர்கிறது, விசிறி சுற்றுகிறது, உயர் அழுத்த மீட்டரின் முள் ஏறுகிறது, ரிலே என்னும் மின்காந்த சுவிட்ச் 'டக்' என்று விழுந்து, அதாவது மூடி, ரெசிஸ்டரைத் தாண்டிப் பாதை போடுகிறது, கடைசியில் தயார் விளக்கு எரிகிறது. இந்த வரிசையில் எதுவரை வந்து நின்றது என்று தெரிந்தால், தேட வேண்டிய இடம் ஒரு கை அகலத்துக்குச் சுருங்கிவிடும். விசிறி சுற்றி, இழை எரிந்து, முள் மட்டும் ஏறவில்லை என்றால் சுவிட்சையும் பியூஸையும் பிரித்துப் பார்ப்பது வீண் வேலை. விசிறியே சுற்றவில்லை என்றால் வால்வைச் சந்தேகிப்பது வீண்.

சில வால்வுகளுக்குப் பொறுமையும் வேண்டும். 813, 3-500இசட் போன்ற நேரடி இழை வால்வுகள் சில விநாடிகளில் தயாராகிவிடும். ரஷ்யாவின் ஜியு-74பி, அமெரிக்காவின் 3சிஎக்ஸ்800ஏ7 போன்றவற்றில் எலக்ட்ரானை உமிழும் கேத்தோடு தனியாகச் சூடாக வேண்டும். இரண்டரை முதல் மூன்று நிமிடம் தயார் விளக்கு எரியாது. அதைக் கோளாறு என்று நினைத்து டைமரைத் தாண்டிக் கம்பி இழுத்த ஓர் ஆம்ப்ளிபையரைப் பார்த்திருக்கிறேன். கேத்தோடு பூச்சு சேதமாகி, நல்ல வால்வு பாதிச் சக்திக்கு இறங்கிவிட்டிருந்தது.

முதல் நொடி ஏன் இவ்வளவு கொடியது? குளிர்ந்த இழையின் மின்தடை, சூடான இழையில் இருப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். 813 ஒன்றின் இழைக்கு 10 வோல்ட், 5 ஆம்பியர் என்று அட்டவணை சொல்கிறது. குளிர்ந்த நிலையில் அது இழுப்பது அதைப்போல் பல மடங்கு. காலியான கெப்பாசிட்டர் அந்தக் கணத்தில் ஷார்ட்டுக்குச் சமம். மூன்றாவது, டிரான்ஸ்பார்மரின் இரும்பு. மின்னழுத்த அலை பூஜ்ஜியத்தைக் கடக்கும் தறுவாயில் சுவிட்ச் விழுந்தால் இரும்பு காந்தத்தால் நிறைந்துபோய், மெயின்ஸ் பக்கச் சுற்றான பிரைமரி வெறும் செம்புக் கம்பியாக நிற்கும். அலையின் உச்சியில் விழுந்தால் இந்தப் பாய்ச்சல் இவ்வளவு இருக்காது. முந்தைய முறை நிறுத்தியபோது இரும்பில் மிஞ்சிய காந்தமும் கணக்கில் சேரும். ஒரே கருவி ஒருநாள் பிரேக்கரைத் தட்டிவிட்டு மறுநாள் சாதுவாக ஓடுவது இதனால்தான். அது 'சரியாகிவிட்டது' என்று பொருளல்ல.

எந்த பிரேக்கர் விழுந்து அணைந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். வீட்டுப் பலகையில் இருக்கும் எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் வெவ்வேறு செய்தி சொல்பவை. முன்னது மின்னோட்டம் மிஞ்சினால் விழும், பின்னது எர்த்துக்குக் கசிந்தால் விழும். 'சி' வகை 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனே விழ வேண்டுமானால் 80 முதல் 160 ஆம்பியர் வரை பாய்ந்திருக்க வேண்டும். 'பி' வகைக்கு 48 முதல் 80 போதும். ஏ.சி.க்கென்று போட்ட பழைய பாயிண்டில் 'பி' வகை இருந்தால் ஆம்ப்ளிபையரில் கோளாறே இல்லாமலும் அது விழலாம். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. மட்டும் விழுகிறது என்றால் கதையே வேறு. எங்கோ எர்த்துக்குக் கசிகிறது: மெயின்ஸ் வடிகட்டியின் கெப்பாசிட்டர், ஈரம் இறங்கிய டிரான்ஸ்பார்மர், அல்லது கருவியின் உலோகச் சட்டமான சேஸிஸைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு நூலிழைக் கம்பி. ஆம்ப்ளிபையரின் சொந்தப் பியூஸ் போயிருந்தால் அதன் கண்ணாடியைப் பாருங்கள். கம்பி நடுவில் மெதுவாக உருகி இரண்டு முனையாகத் தொங்கினால் கூடுதல் சுமை. கண்ணாடி முழுவதும் வெள்ளியும் கருப்பும் பூசியதுபோல் இருந்தால் நேர் ஷார்ட். அந்த இடத்தில் இன்னொரு பியூஸைப் போட்டுப் பார்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

எர்த் பற்றி ஒரு வார்த்தை. பழைய வீடுகள் சிலவற்றில் மூன்று துளை சாக்கெட் இருக்கும். மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பி இருக்காது. வடிகட்டியின் இரு கெப்பாசிட்டர்களும் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் சேஸிஸை நிறுத்துவதால், உலோகப் பெட்டி பாதி மெயின்ஸில், அதாவது ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். விரல் பட்டால் சுறுசுறுவென்று இருக்கும், டெஸ்டர் மங்கலாக எரியும். அந்த நிலையில் உயர் அழுத்தக் கருவி எதையும் ஓட்டக்கூடாது. எர்த்தைச் சரிசெய்யும்வரை மற்ற ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

திருவான்மியூரில் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். தொலைத்தொடர்புத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். இரண்டு 813 வால்வுகள் போட்டு எண்பதுகளில் தாமே கட்டிய லீனியர் அவருடையது. ஜெனரல் பிரிவு உரிமத்துக்கு நம் நாட்டில் 400 வாட் வரைதான் அனுமதி என்பதால் அந்த ஜோடியே தாராளம். கோடை தொடங்கியதும் அது மாலையில் மட்டும் உயிர் பெற மறுத்தது. ஸ்டெப் ஸ்டார்ட் ரெசிஸ்டர் கருகியிருந்தது. ரிச்சி தெருவில் புதிது வாங்கிப் போட்டார். காலையில் அருமையாக ஓடியது. இரண்டொரு நாளில் மாலை நேரத்தில் பேசப் போனபோது மறுபடியும் கருகல் வாடை. ரிலேயையும் மாற்றினார். மறுபடியும் அதே கதை.

"பொருள்தான் மட்டம், தம்பி. நாற்பத்தேழு ஓம் என்று போட்டுவிட்டுக் குப்பையை விற்கிறார்கள்" என்றார்.

"இருக்கலாம் சார். சுவிட்ச் போட்டதிலிருந்து கருகியதுவரை என்னென்ன கேட்டது, என்னென்ன பார்த்தீர்கள்?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "விசிறி சோம்பேறியாகச் சுற்றியது. ரிலே 'டக்' என்று விழாமல் 'டர்ர்' என்றது. நான் தூசு என்று விட்டுவிட்டேன்."

அந்த 'டர்ர்' போதுமானதாக இருந்தது. மாலையில் போய் உட்கார்ந்து மீட்டரை வைத்தோம். அந்தத் தெருவில் ஏ.சி.கள் எல்லாம் ஓடும் நேரம். சாக்கெட்டில் 198 வோல்ட். அவருடைய ரிலே 230 வோல்ட் மாறுமின் (ஏ.சி.) காயில் சுற்று உள்ளது, ஸ்டெப் ஸ்டார்ட் ரெசிஸ்டருக்குப் பின்னால் இணைக்கப்பட்டிருந்தது. இந்த வகை ரிலே உறுதியாக விழ, குறித்த அழுத்தத்தில் சுமார் 80 சதவீதம் வேண்டும், அதாவது 184 வோல்ட். உயர் அழுத்த முள் பாதியில் ஊசலாட, ரெசிஸ்டருக்குப் பின்னால் அளந்தேன்: 169. ரெசிஸ்டரில் மட்டும் 29 வோல்ட் விழுகிறது. 47 ஓமில் 29 வோல்ட் என்றால் 0.6 ஆம்பியர், ஏறக்குறைய 18 வாட் சூடு. ரெசிஸ்டரோ 10 வாட். உடனே சுவிட்சை அணைத்தேன்.

காலையில் 230 வோல்ட் வரும்போது ரெசிஸ்டரைக் கடந்தும் 184க்கு மேல் மிஞ்சும், ரிலே விழும், ரெசிஸ்டருக்கு ஒரு விநாடி வேலைதான். மாலையில் ரிலே விழாமல் நடுங்க, ரெசிஸ்டர் விலகாமல் பாதையிலேயே கிடக்கிறது. அதைக் கவனிக்காமல் மைக்கை அழுத்தினால் வால்வின் ஆனோடுக்கு வேண்டிய ஓட்டமும் அதன் வழியாகவே வந்தாக வேண்டும். நூறு வாட்டுக்கு மேல் அந்தச் சிறு பீங்கான் கட்டையில் இறங்கும். போதாததற்கு, முழுதாக விழாத ஏ.சி. ரிலேயின் காயில், விழுந்து மூடியதைவிட அதிக ஓட்டம் இழுத்துச் சூடாகும். ரெசிஸ்டரும் குப்பையல்ல, ரிலேயும் குப்பையல்ல. விற்றவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

தீர்வு என்று எல்லாரும் முதலில் சொல்வது, ரிலேயை ரெசிஸ்டருக்கு முன்னாலேயே ஒரு டைமரோடு இணைத்துவிடலாம் என்பது. நான் அதை விரும்புவதில்லை. பெரியவர் எண்பதுகளில் ரிலேயைப் பின்னால் வைத்ததற்குக் காரணம் இருந்தது. உயர் அழுத்தப் பகுதியில் ஷார்ட் இருந்தால் ரெசிஸ்டருக்குப் பின்னால் அழுத்தம் ஏறவே ஏறாது, ரிலே விழாது, ஒரு ரெசிஸ்டரைப் பலிகொடுத்து டிரான்ஸ்பார்மர் தப்பிக்கும். கண்ணை மூடிக்கொண்டு அரை விநாடியில் விழும் டைமர், ஷார்ட்டின் மேலேயே முழு மெயின்ஸைக் கொண்டுபோய்க் கொட்டும்.

எனவே இடத்தை மாற்றவில்லை. ரெசிஸ்டரை 22 ஓம், 50 வாட், அலுமினிய உறை போட்டதாக மாற்றினோம். அப்போதும் தொடக்கப் பாய்ச்சலின் உச்சம் 15 ஆம்பியருக்குள் நிற்கும். மாலையில் விழும் அழுத்தமும் பாதியாகும். அதன் உடம்போடு ஒட்டி, சூடு மிஞ்சினால் அறுந்துவிடும் ஒரு தெர்மல் பியூஸ். ஏ.சி. ரிலேக்குப் பதில் 24 வோல்ட் டி.சி. ரிலே, அதற்கு ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரும், 24 வோல்ட்டை நிலையாக வைக்கும் 7824 ரெகுலேட்டரும். மெயின்ஸ் 160க்கு இறங்கினாலும் விழும், 250க்கு ஏறினாலும் காயில் சுற்று சூடேறிக் கருகாது. எல்லாவற்றையும்விட எனக்குத் திருப்தி தந்தது கடைசியாகச் செய்தது: ரிலேயில் சும்மா கிடந்த இன்னொரு ஜோடித் தொடுமுனைகள் வழியாக மைக்கை அழுத்தும்போது ஆம்ப்ளிபையரை இயக்கும் கீயிங் கம்பியைக் கொண்டுபோனோம். ரிலே விழாமல் இனி யார் மைக்கை அழுத்தினாலும் ஆம்ப்ளிபையர் செவிசாய்க்காது.

கழற்றிய ரிலேயின் தொடுமுனைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, ஒரு பக்கம் கருமுள்ளாகக் கொப்பளித்திருந்தது, மறுபக்கம் பச்சைப் பூத்திருந்தது. கொப்பளித்தது நடுக்கத்தால். பச்சை கடல் காற்றால். பெசன்ட் நகர், திருவான்மியூர், கொட்டிவாக்கம் பக்கமெல்லாம் இந்தப் பச்சையை பியூஸ் ஹோல்டரில், வால்வு சாக்கெட்டின் பிடியில், எர்த் திருகின் அடியில் எங்கும் காணலாம். 5 ஆம்பியரும் 10 ஆம்பியரும் ஓடும் இழைச் சுற்றில் இதனால் அரை வோல்ட் காணாமல் போவது சாதாரணம். அதனால் இழை அழுத்தத்தை டிரான்ஸ்பார்மர் முனையில் அளப்பதில் பயனில்லை. வால்வின் காலிலேயே அளக்க வேண்டும்.

மூடியைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த லீனியரில் 220 மைக்ரோபாரட், 450 வோல்ட் கெப்பாசிட்டர்கள் ஆறு வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் குறுக்கேயும், மிஞ்சிய மின்னூட்டத்தை வடிக்கும் 100 கிலோஓம் பிளீடர் ரெசிஸ்டர். மொத்தம் 2100 வோல்ட். சேமித்திருப்பது சுமார் 80 ஜூல். ஒரு மனிதரைக் கொல்லப் போதும். பிளீடர்கள் நன்றாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கி இரண்டு நிமிடத்தில் அது இருபது வோல்ட்டுக்குக் கீழே வந்துவிடும். பிளீடர்கள் நன்றாக இருக்கின்றன என்று யார் உறுதி சொல்வது? அவற்றில் ஒன்று உள்ளே அறுந்து திறந்துகொண்டால் அந்தக் கெப்பாசிட்டர் மட்டும் நிறைந்தபடியே காத்திருக்கும். முன்பலகை மீட்டரின் முள் கிட்டத்தட்ட அடியில் கிடப்பதைப் பார்த்துவிட்டுக் கையை விடுபவருக்கு நானூறு வோல்ட் காத்திருக்கிறது. ஆகவே நீண்ட காப்புக் கைப்பிடியும் உள்ளே ரெசிஸ்டரும் உள்ள டிஸ்சார்ஜ் கோலால் மொத்த வரிசையை ஒருமுறை, பிறகு ஒவ்வொரு கெப்பாசிட்டரையும் தனித்தனியே தொட வேண்டும். ஸ்குரூடிரைவரால் நேரடியாக ஷார்ட் செய்வது வேண்டவே வேண்டாம். ஒரு கை பின்பக்கமாக, காலில் ரப்பர் செருப்பு, பக்கத்தில் இன்னொருவர். தனியாக இருக்கும்போது இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

அந்தத் திறந்த பிளீடர் இன்னொரு விதத்திலும் வஞ்சகமானது. மற்ற ஐந்தின் வழியே மூன்றரை மில்லிஆம்பியர் ஓடிக்கொண்டிருக்க, பிளீடர் இல்லாத கெப்பாசிட்டரில் அழுத்தம் தன் பங்கான 350ஐத் தாண்டி 450க்கும் மேலே ஏறும். ஒருநாள் அது உள்ளே ஷார்ட் ஆகிவிடும். சத்தமே இருக்காது, கருவி ஓடும். மீதி ஐந்தும் தலைக்கு 420 வோல்ட் சுமக்கும். சரி, 450க்குள்தானே என்று தோன்றும். நள்ளிரவில் தெருவே உறங்கி மெயின்ஸ் 250க்கு ஏறும்போது அந்த 420, 456 ஆகிவிடும். அடுத்தது போகும், பிறகு எல்லாமே வரிசையாகப் போகும். மறுநாள் "நேற்று இரவுவரை நன்றாக ஓடியது, இன்று சுவிட்சைப் போட்டதும் வெடித்தது" என்பார்கள். உண்மையில் அது பல மாதங்களுக்கு முன் ஒரு சின்ன ரெசிஸ்டரில் தொடங்கியது. டயோடு வரிசையிலும் இதே கதைதான். 1என்5408 போன்ற டயோடுகளில் ஒன்று ஷார்ட் ஆனால் மற்றவை அதன் சுமையையும் ஏற்கும். மீட்டரில் ஒன்றொன்றாகப் பாருங்கள். ஒன்று போயிருந்தால் அந்தக் கிளை முழுவதையும் மாற்றுங்கள். விலை மிகக் குறைவு.

இதையெல்லாம் மெயின்ஸ் கொடுத்துச் சோதிக்க, பணிமேசையில் இருக்க வேண்டிய ஒரே கருவி சீரீஸ் பல்பு. 100 வாட் குண்டு பல்பு ஒன்று, ஆம்ப்ளிபையருடன் தொடரில். சூடானபோது அதன் மின்தடை 529 ஓம், குளிர்ந்தபோது நாற்பதுக்குப் பக்கம். எனவே நல்ல சுற்றுக்கு வழிவிடும், ஷார்ட் என்றால் தானே எரிந்து தடுக்கும். வால்வுகளைக் கழற்றிவிட்டு, இழை டிரான்ஸ்பார்மரையும் துண்டித்துவிட்டுப் போட வேண்டும். இல்லாவிட்டால் இழையின் சுமையே பல்பை எரியவைத்துக் குழப்பிவிடும். பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கினால் கெப்பாசிட்டர்கள் நிறைகின்றன, நல்லது. மங்காமல் எரிந்தால் ஷார்ட். எரியவே இல்லை என்றால் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. மங்குவதும் ஏறுவதுமாக இருந்தால், ரிலே விழப் பார்த்து முடியாமல் தவிக்கிறது. குண்டு பல்பு இப்போது கடைகளில் அருகிவிட்டது. கண்ணில் பட்டால் இரண்டு வாங்கி வையுங்கள். எல்.ஈ.டி. பல்பு இந்த வேலைக்கு உதவாது. அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்ஸ்டாட் வைத்திருப்பவர்கள் அதைத் திருகி மெதுவாக ஏற்றுவார்கள்; நெடுநாள் கிடந்த கெப்பாசிட்டர்களைப் பழக்க அது நல்லதுதான். ஆனால் ஷார்ட்டைக் கண்டுபிடிக்கப் பல்புதான் நம்பகமானது. கை தவறிக் கூடத் திருகிவிட முடியாது.

எல்.டி.மாஸ் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபையர்கள் இப்போது பெருகிவிட்டன. அவற்றில் கதை சுருக்கம். 50 வோல்ட் தரும் எஸ்.எம்.பி.எஸ். சப்ளை 'டிக் டிக்' என்று விட்டுவிட்டு முயன்றால் அது ஷார்ட்டைக் கண்டு பின்வாங்குகிறது. சப்ளையைத் தனியே கழற்றி ஓட்டுங்கள். தனியே நிலைத்தால் டிரான்சிஸ்டரின் டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். பெரும்பாலும் விடை அங்கே கிடைக்கும், பெரும்பாலும் விலை உயர்ந்த விடையாக.

சென்னைக்கென்று இன்னொரு கோளாறுக் காலம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் இடிக்குப் பயந்து ஆன்டெனாவைக் கழற்றி, லீனியரை மூடிவைப்போம். அக்டோபரில் மூடியது தை பிறந்துதான் திறக்கும். அதற்குள் டிரான்ஸ்பார்மரின் காகிதக் காப்பில் ஈரம் இறங்கியிருக்கும். பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் குடியேறியிருக்கும். ஆனோடு கிளிப்புக்கும் சேஸிஸுக்கும் நடுவே காய்ந்து கிடந்த பல்லியை நானே எடுத்திருக்கிறேன். மின்பொறி தாண்டிய இடத்தில் கரிக்கோடு இருந்தது. எனவே முதலில் திறந்து பார்த்து, தூசு தட்டி, பெட்டிக்குள் 60 வாட் பல்பு ஒன்றை இரவு முழுவதும் எரியவிட்டு உலர்த்துங்கள். மறுநாள் பிரைமரிக்கும் சேஸிஸுக்கும் நடுவே காப்பின் மின்தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் வைத்துப் பாருங்கள். சில மெகாஓம் மட்டுமே காட்டினால் இன்னும் ஒரு நாள் உலரட்டும். வால்வுகளுக்கு முதலில் இழை மட்டும், உயர் அழுத்தம் இல்லாமல், சில மணி நேரம்.

மின்வெட்டு ஏற்பட்டு மின்சாரம் திரும்பும்போது லீனியரின் சுவிட்ச் போட்டபடியே இருப்பது இன்னோர் ஆபத்து. தெருவிலுள்ள எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில் எழுகின்றன. அழுத்தம் விழுந்தும் எகிறியும் தள்ளாடுகிறது. ஸ்டெப் ஸ்டார்ட்டுக்கு அதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. பட்டனை அழுத்தினால் மட்டும் பிடித்துக்கொண்டு, மின்சாரம் போனால் தானே விட்டுவிடும் கான்டாக்டர் ஒன்றை முன்னால் போட்டுவிட்டால் இந்தக் கவலை தீரும். ஏ.சி.க்குப் போடும் ரிலே வகை ஸ்டெபிலைசரை இதற்குப் பதிலாகப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு டேப் மாற்றத்திலும் அது மின்சாரத்தை ஒரு கணம் துண்டித்து மறுபடி தருகிறது. அதாவது, நாம் தவிர்க்கப் பார்க்கும் அந்த முதல் நொடியை மாலை முழுவதும் திரும்பத் திரும்ப உண்டாக்குகிறது. துண்டிக்காமல் மெல்ல மாற்றும் சர்வோ வகை என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

திருவான்மியூர் லீனியரின் மூடிக்கு உட்புறம் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. நன்றாக ஓடும் நாளில் எடுத்த அளவுகள்: குளிர்ந்த நிலையில் பிரைமரியின் மின்தடை, ஒவ்வொரு கெப்பாசிட்டரிலும் நிற்கும் வோல்ட், 813இன் காலில் இழை அழுத்தம், சுவிட்ச் போட்டதிலிருந்து ரிலே விழும்வரை ஆகும் நேரம், பக்கத்திலேயே அப்போதைய மெயின்ஸ் அழுத்தம். மெயின்ஸ் அளவு இல்லாமல் மற்ற எண்களுக்குப் பொருளே இல்லை என்பதால் அந்தக் கட்டத்தைச் சிவப்பு மையால் போடச் சொன்னேன். பெரியவர் காலையில் ஒரு வரிசை, மாலை ஏழு மணிக்கு ஒரு வரிசை என்று இரண்டாக எழுதிவைத்திருக்கிறார். உங்கள் லீனியர் இன்று ஒழுங்காக ஓடுகிறதென்றால், இதை எடுப்பதற்கு இன்றுதான் சரியான நாள்.